இந்த மாத்திரையா என் தம்பியைக் காப்பாற்றும்?

(ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்த கடிதமும், அன்றிரவே நான் அனுப்பிய பதிலும். எழுதியவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.)

டாக்டர் ஐயாவுக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 34 வயது, கல்யாணச் சமையல் செட்டில் மாஸ்டர். இரண்டு மாதத்துக்கு மேலாக வறட்டு இருமல். மிளகாய் வறுக்கிற நெடி, விறகடுப்புப் புகை என்றே நினைத்தோம். மருந்துக் கடை சிரப், பிறகு ஒரு கிளினிக்கில் ஊசி, ‘லெவோ’ என்று தொடங்கும் மாத்திரை என ஏழு வாரம் போனது. கடைசியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எச்.ஐ.வி. இருக்கிறது, சி.டி.4 என்ற ரத்த அணு 46, நுரையீரலில் பி.சி.பி. என்ற நிமோனியா என்றார்கள். எட்டு நாள் ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று 11-ஆம் நாள். எடை 48 கிலோ. தினம் ஆறு பெரிய செப்ட்ரான். ஸ்டீராய்டு முதலில் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை, இன்றிலிருந்து பாதி. ஸ்டாக் இல்லாமல் குறைக்கிறார்களோ? எய்ட்ஸ் மருந்தை இன்னும் தொடங்கவில்லை, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டி.பி. சந்தேகமும் இருக்கிறதாம். நேற்று உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்ததால் இரவிலிருந்து செப்ட்ரானை நிறுத்தியிருக்கிறோம். சளிக்குக் கடையில் கொடுக்கிற மாத்திரை இவ்வளவு பெரிய வியாதிக்குப் போதுமா? வளையலை அடகு வைத்து மதுரைக்கோ சென்னைக்கோ கூட்டிப் போகட்டுமா? அவன் இனி சமையலுக்குப் போகலாமா? வீட்டில் என் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். அவன் மனைவி குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு எதுவும் தெரியாது. ஆத்தா ராத்திரியெல்லாம் அழுகிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாலையில் போனில் சொன்னதையே முதலில் எழுத்தில் வைக்கிறேன். வீட்டில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

தடிப்பு வந்ததும் மருந்தை நிறுத்தினீர்கள். பயந்து செய்தது, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து. செப்ட்ரான் சாப்பிடும் எச்.ஐ.வி. நோயாளிகளில் நிறையப் பேருக்கு இரண்டாவது வாரத்தில் இப்படித் தடிப்பு வரும். மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாகவே வரும். அரிப்போடு மட்டும் நிற்கும் தடிப்பு என்றால், அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்து, கண்காணித்துக்கொண்டே செப்ட்ரானைத் தொடர்வதுதான் வழக்கம். பெரும்பாலும் அதுவே அடங்கிவிடும். வாயில் புண், கண் சிவந்து எரிச்சல், தோலில் கொப்புளம், தோல் உரிதல், புதிதாகக் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு. அப்போது அடுத்த மாத்திரை தொடவே கூடாது, நடுராத்திரி என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனில் நான் ஒவ்வொன்றாகக் கேட்டபோது எல்லாவற்றுக்கும் இல்லை என்றீர்கள். அதனால்தான் நாளைக் காலை முதல் வேலையாக வார்டுக்குப் போங்கள் என்றேன். தொடர்வதா மாற்றுவதா என்பதைத் தம்பியின் தோலைக் கண்ணால் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும். இரண்டு மூன்று வேளை விட்டதை ஈடுகட்டிவிடலாம். நாலைந்து நாள் விட்டால் நுரையீரல் மறுபடி மூச்சு வாங்கிய அந்த மோசமான நிலைமைக்கே போய்விடும்.

மாற்ற வேண்டி வந்தாலும் வழி இருக்கிறது. கிளிண்டாமைசினும் பிரைமாகுவினும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிரைமாகுவின் என்பது மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரைதான். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கேட்டால் ‘இன்னும் எத்தனை டெஸ்ட்டு’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் பெரிய சந்தேகம். சளி மாத்திரை எப்படிப் போதும்?

உங்கள் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆள் புழங்குகிற வரைக்கும் முகப்பிலும் வளவிலும் ஒரு வௌவால் அண்டாது. காவலுக்கு இருந்த ஆளும் போய்விட்டால் ஒரே வருஷத்தில் இரண்டாங்கட்டு முழுக்க அதன் ராஜ்யம். பி.சி.பி.யை உண்டாக்குகிற நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையும் அப்படித்தான். காற்றில் வரும், நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே அதைச் சுவாசித்தவர்கள்தாம். காவல் இருப்பதால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. அந்தக் காவலுக்குப் பெயர்தான் சி.டி.4 அணுக்கள். ஆரோக்கியமான ஆளுக்கு 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் இந்தப் பூஞ்சை குடியேறும். உங்கள் தம்பிக்கு 46.

இது ஒரு பூஞ்சை, ஆனால் பூஞ்சைக்கான வழக்கமான மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. அந்த மருந்துகளில் பல, பூஞ்சையின் மேலுறையில் இருக்கும் ஒரு கொழுப்பைத் தாக்குபவை. இதற்கு அந்தக் கொழுப்பே கிடையாது. ஆனால் ஒரு பலவீனம் உண்டு. ஃபோலிக் அமிலத்தை நாம் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம். இது தானே சமைத்துச் சாப்பிட்டாக வேண்டும். செப்ட்ரானில் இருக்கும் இரண்டு மருந்துகளும் அந்தச் சமையலை இரண்டு இடத்தில் நிறுத்துகின்றன. உங்கள் வீட்டு மாஸ்டருக்கு இதைச் சொல்லுங்கள், உடனே புரியும்: அடுப்பையும் அணைத்து அரிசியையும் எடுத்துக்கொண்டு போனால் பந்தி எப்படி நடக்கும்?

1977-லேயே அமெரிக்காவில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இந்தப் பூஞ்சை வராமல் இதே மருந்து தடுக்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள். அப்போது எய்ட்ஸ் என்ற பெயரே கிடையாது. 1981 ஜூன் 5-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டதும் இதே நுரையீரல் நோய்தான். எய்ட்ஸின் கதை மருத்துவப் பதிவில் அங்கே தொடங்குகிறது. அன்றிலிருந்து எத்தனையோ மருந்துகளை எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க, பணக்கார நாடுகளிலும், முதல் மருந்து செப்ட்ரான்தான். விலை குறைவாக இருப்பது அதன் குற்றமா?

வித்தியாசம் அளவில் இருக்கிறது. சாதாரணத் தொற்றுக்கு டி.எஸ். என்கிற இரட்டை அளவு செப்ட்ரான் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பி.சி.பி.க்கு எடையைப் பார்த்துக் கணக்குப் போடுவோம்: செப்ட்ரானில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றான ட்ரைமெத்தோபிரிம், கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி., ஒரு நாளைக்கு. 48 கிலோவுக்கு அதிகபட்சம் 960 மி.கி. ஒரு டி.எஸ். மாத்திரையில் இருப்பது 160. ஆக ஆறு மாத்திரை, மூன்று வேளைக்கு இரண்டிரண்டாக. 21 நாள். உங்கள் ஆஸ்பத்திரி ஒரு மாத்திரைகூடக் குறைக்காமல் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது. யார் போட்டார்களோ, அவருக்கு என் வணக்கம்.

ஸ்டீராய்டு குறைவதும் அப்படித்தான். ப்ரெட்னிசோலோன் 40 மி.கி. இரண்டு வேளை 5 நாள், 40 ஒரு வேளை 5 நாள், பிறகு 20 ஒரு வேளை 11 நாள். கூட்டிப் பாருங்கள், 21. ஸ்டாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்கியவர்களுக்கு மட்டும் இதைச் சேர்க்கிறோம். செப்ட்ரான் உள்ளே போய்ப் பூஞ்சை மொத்தமாகச் சாகும்போது அதன் சிதைவுகளைக் கண்டு நுரையீரல் வீங்கும். முதல் மூன்று, நாலு நாளில் மருந்து கொடுத்தும் மூச்சு மோசமாவது அதனால்தான். ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை அடக்கும். அது இல்லாத காலத்தில் மருந்து சரியாக இருந்தும் ஆளை இழந்திருக்கிறோம். பாதியில் தானாக நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று கூட்டவும் செய்யாதீர்கள்.

மதுரை, சென்னை பற்றி. வளையல் கையிலேயே இருக்கட்டும். எட்டு நாளில் ஆக்சிஜன் இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றால் மருந்து பிடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியிலும் இதே ஆறு மாத்திரைதான், பில் மட்டும் வேறு. ஒரு வாரம் முழு அளவு மருந்து சாப்பிட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை, செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது, நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவிய நீரைச் சோதிக்க வேண்டும் என்றால் அனுப்புவார்கள், அதை அவர்களே சொல்வார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் யார் வீட்டு அலமாரியிலாவது கிடக்கும், வாங்கி வையுங்கள். காலையும் மாலையும் உட்கார்ந்தபடி ஒரு தடவை, முற்றத்தில் இரண்டு நிமிடம் நடந்த பிறகு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 92-க்குக் கீழே இறங்கினால், அல்லது திடீரென்று நெஞ்சின் ஒரு பக்கம் குத்தி மூச்சு அடைத்தால், வண்டி எடுங்கள். இந்த நோயில் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிவது உண்டு.

எய்ட்ஸ் மருந்தை ஏன் முதல் நாளே தொடங்கவில்லை? பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒரே நேரத்தில் பத்துப் பேர் பெருக்கினால் கிளம்புகிற தூசியில் நிற்க முடியாது. ஏ.ஆர்.டி. என்கிற அந்த எய்ட்ஸ் மருந்தைத் தொடங்கியதும் காவல் அணுக்கள் திரும்பி வந்து, நுரையீரலில் மிச்சமிருக்கும் கிருமியோடு சண்டை போடும். சிலருக்கு அதில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் கூடும். அதற்காக நாள் கடத்தவும் கூடாது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் உங்கள் தம்பி போன்ற பி.சி.பி. நோயாளிகள், மொத்தம் 282 பேர் இருந்தார்கள். சுமார் 12 நாளில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களுக்கு, 45 நாள் தள்ளித் தொடங்கியவர்களைவிட, சாவதோ வேறு எய்ட்ஸ் நோய் வருவதோ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டு வாரத்துக்குள் என்ற விதி அங்கிருந்து வந்தது. வரும் திங்கட்கிழமை 14-ஆம் நாள். உங்களைத் தள்ளிப் போடவில்லை, நாளைக் குறித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இலவச ஏ.ஆர்.டி. நம் நாட்டில் 2004 ஏப்ரலில் தொடங்கியது, முதல் எட்டு மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்கு முன்னால் வார்டில் வேலை பார்த்தவன் நான். பி.சி.பி.யைக் குணமாக்கி, கைகுலுக்கி அனுப்புவோம். ஆறு மாதத்தில் மூளையில் கிருமியோடு அதே ஆள் வருவார், அல்லது வரவே மாட்டார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, மூன்று மருந்து ஒன்றாய், இலவசம். தம்பி அதை ஆயுசுக்கும் விடாமல் சாப்பிட வேண்டும்.

அதில் இருக்கும் டொலுடெக்ராவிர் என்ற மருந்துக்கு ஒரு குணம் உண்டு. வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு வயிறு எரியும், கடையில் அந்த ஜெல்லைத்தான் கொடுப்பார்கள். எய்ட்ஸ் மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, அதற்கு ஆறு மணி நேரம் முன்போ குடிக்கலாம்.

சாப்பாட்டில் வேறு பத்தியம் கிடையாது. முட்டை, மீன், பருப்பு எல்லாம் கொடுங்கள், மனிதர் இளைத்துக் கிடக்கிறார். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், செப்ட்ரான் சிறுநீரகத்தில் படிகமாகாமல் இருக்க அது வேண்டும். இளநீர் மட்டும் வேண்டாம். நோயாளி என்றாலே பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள், தெரியும். இந்த அளவு செப்ட்ரான் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் பொட்டாசியம்தான். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பில் கை வைக்கும். 21 நாள் முடிந்து, ரத்தம் பார்த்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் குடிக்கட்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவதால் இனிப்புப் பலகாரமும் அதுவரை அளவோடு.

டி.பி.தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பவர்களை அதிகம் தாக்குவதும் அதிகம் கொல்வதும் பி.சி.பி. அல்ல, காசநோய். இரண்டும் ஒரே நுரையீரலில் சேர்ந்தும் இருக்கும். நீங்கள் எழுதிய ‘லெவோ’ மாத்திரை லெவோஃப்ளாக்சசின் என்று நினைக்கிறேன். அது காசநோய்க் கிருமியையும் அடிக்கக்கூடிய மருந்து. தனியாக ஓரிரு வாரம் கொடுத்தால் கிருமி சாகாது, ஒளிந்துகொள்ளும். பிறகு சளியில் தேடினால் அகப்படாது, சில சமயம் அந்த மருந்துக்கே மசியாத கிருமியாகத் திரும்பி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இந்த மாத்திரையை எழுதுவதை என் தொழில்காரர்கள் நிறுத்த வேண்டும். எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

தம்பிக்கு வறட்டு இருமல், சளி வராது. உப்பு நீரை ஆவியாக இழுக்க வைத்துச் சளி எடுக்கலாம். அதை மரபணுச் சோதனைக்குக் கொடுப்பார்கள். சிறுநீரிலும் ஒரு சோதனை உண்டு. காசநோய் என்று உறுதியானால் ஆறு மாத மருந்து. அதில் வரும் ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரை உடம்பிலிருந்து வேகமாக விரட்டிவிடும். அதனால் ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் 50 மி.கி. இன்னொன்று தனியாகத் தருவார்கள். காசநோய் மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை அது தொடர வேண்டும். இந்த இரண்டாவது மாத்திரையைத்தான் பலர் ‘டபுளா கொடுத்துட்டாங்க’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித் தொகையும் காசநோயாளிக்கு வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பிள்ளைகள் மாமாவோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், மடியில் உட்காரலாம். எச்.ஐ.வி. அப்படிப் பரவாது. இந்தப் பூஞ்சையால் நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பிள்ளைக்கு நோய் வராது. டி.பி. முடிவு தெரியும் வரை மட்டும் அவர் காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்கட்டும். டி.பி. என்று வந்தால் வீட்டில் எல்லோரையும் சோதித்து, தேவைப்படுகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.

சமையல் வேலைக்குத் தாராளமாகப் போகலாம். சோற்றிலும் குழம்பிலும் எச்.ஐ.வி. போகாது, விரலை அறுத்துக்கொண்டாலும் கொதிக்கிற சட்டியில் அது பிழைக்காது. தெரிந்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எச்.ஐ.வி. இருப்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவதையும், சம்மதம் இல்லாமல் அடுத்தவருக்குச் சொல்வதையும் தடை செய்கிற சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. செட்டில் யாருக்கும் அவர் சொல்லியாக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாதமாவது விறகடுப்புப் பக்கம் போகாமல், காய்கறி, கணக்கு என்று இருக்கட்டும்.

மனைவிக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது, தம்பிதான் சொல்ல வேண்டும். அவருக்கு வாய் வராவிட்டால் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகர் இருப்பார், கணவன் மனைவியை உட்கார வைத்துப் பேசுவது அவருடைய வேலை. 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் பரிசோதனை இந்த மாதமே நடக்க வேண்டும். இல்லை என்று வந்தால் நிம்மதி, இருக்கிறது என்று வந்தால் உங்கள் தம்பியைப் போல மூச்சுத் திணறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்தைச் சரியாகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கிய பிறகு, தாம்பத்தியத்தில் அது மற்றவருக்குப் பரவாது. இதையும் அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆத்தாவிடம் என்ன சொல்வது என்பதையும் தம்பியே முடிவு செய்யட்டும்.

21 நாள் முடிந்த மறுநாளிலிருந்து செப்ட்ரான் டி.எஸ். தினம் ஒன்று. இதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். உடம்பு தேறியதும் ‘ஒன்றுதானே’ என்று நிறுத்திவிடுவார்கள். சி.டி.4 350-க்கு மேல் ஏறி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை அப்படியே நின்றால்தான் மையத்தில் நிறுத்துவார்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம். அதுவரை அந்த ஒரு மாத்திரை பி.சி.பி.யை மட்டுமல்ல, மூளையில் வரும் டாக்ஸோபிளாஸ்மா தொற்றையும், சில வயிற்றுப்போக்கையும் சாதாரண நிமோனியாவையும் தடுக்கும். 46 என்ற எண்ணுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனை. ஏ.ஆர்.டி. தொடங்கும் முன் அது பார்த்தாகிவிட்டதா என்று நாளைக்கே கேளுங்கள். பார்த்திருப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

அந்தக் கிளினிக் சீட்டையும், லெவோ மாத்திரையின் காலி அட்டை குப்பைக்குப் போகாமல் இருந்தால் அதையும் காலையில் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் சாப்பிட்டார் என்பது டி.பி. பார்க்கிற டாக்டருக்கு வேண்டும்.